மேட்டூர் திறப்பு, வெள்ளம், உப்பு, காப்பீடு: டெல்டா சிறு விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

மேட்டூர் எப்போது திறக்கும் என்றே தெரியவில்லை. சம்பாவுக்கு நாற்று விடுவதா, புழுதியில் விதைப்பதா?

வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-ஐ மட்டும் நம்பி இனி கணக்குப் போட முடியாது. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. நாற்றங்காலில் காத்திருந்து வயது மீறிய நாற்று சரியாகத் தூர் கட்டாது (பக்கக் கிளைகள் விடாது). வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் இருப்பவர்கள், காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்புக்குப் போவதே நல்லது.

ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்துங்கள். இதை முளைகட்டுதலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முளை வெளியே வந்த விதை புழுதியில் கிடந்தால் இரண்டு நாளில் கருகிவிடும்.

இந்த முறையில் பலர் தோற்பது களையால்தான். முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்ததும், ஐந்து நாளுக்குள் பெண்டிமெத்தலின் 30% களைக்கொல்லி மருந்தை ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். காய்ந்த மண்ணில் தெளித்தால் மருந்து வேலை செய்யாது, காசுதான் வீண். மூன்று வாரப் பயிரில் இளம் இலை நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி வெளிறியும் இருந்தால் யூரியாவைக் கொட்டாதீர்கள். அது இரும்புச்சத்துக் குறை. நீர் தேங்காத மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. 1% அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1% யூரியா சேர்த்து இலையில் தெளித்தால் சரியாகும்.

நவம்பர் மழையில் சம்பா ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தது. நீர் வடிந்ததும் உடனே யூரியா போடலாமா?

வேண்டாம். அழுகிய வேர் உரத்தை எடுக்காது. முதலில் வடிகாலைத் திறந்து நீரை முழுதும் இறக்கி, மண்ணில் காற்றுப் புக விடுங்கள். செத்த குத்துகள் இருந்த இடத்தில், நன்றாகத் தூர் வெடித்த குத்தைக் கலைத்து நடுங்கள். புது வெள்ளை வேர் தெரிந்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். இலை மஞ்சளாகவே இருந்தால் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

ஆண்டுதோறும் மூழ்கும் பள்ளமான வயல் என்றால் சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகத்தை யோசியுங்கள். நீருக்கடியில் அது வளர்ச்சியை நிறுத்தி மாவுச்சத்தைச் சேமிக்கும். அதனால் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் அந்தத் தாக்குப்பிடிப்பு தூர் கட்டும் பருவத்தில்தான். கதிர் வரும்போது மூழ்கினால் அதுவும் போகும். வயது ஐந்து மாதம் என்பதால் ஆகஸ்டிலேயே விதைத்தாக வேண்டும். அக்டோபரில் இறங்குபவர்கள் கோ 51 போன்ற குறுகிய கால ரகத்துக்கே போகட்டும்.

வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் கரிக்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

மண்ணைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் போன களர் மண்ணுக்குத்தான் (சோடியம் மிகுந்த மண்) ஜிப்சம். கடலோரத்தில் பெரும்பாலும் இருப்பது உவர் (உப்பு மிகுந்த மண்). அதற்கு நல்ல நீர் தேக்கி வடிப்பது ஒன்றுதான் வழி. மழைநீரை வரப்பு உயர்த்தித் தேக்கி, இரண்டு மூன்று முறை வடித்துவிடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது இரண்டு மண்ணுக்கும் நல்லது. டி.ஆர்.ஒய். 3 களருக்கான நெல் ரகம்.

பண்ணைக்குட்டை எவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும்?

ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர். ஒரு முறை 40 மி.மீ. பாய்ச்ச 1.6 லட்சம் லிட்டர் வேண்டும். மேலே 12 × 12 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், கரைச்சரிவு ஒன்றுக்கு ஒன்று என வெட்டினால் 1.66 லட்சம் லிட்டர் கொள்ளும். வெயிலில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானால் இருபது நாளில் 14,000 லிட்டர் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள். நீர் நுழையும் வாயில் ஒரு மீட்டர் குழி எடுத்து வண்டலை அங்கேயே தங்கவிடுங்கள். செம்மண், மணல் என்றால் தார்ப்பாய் விரிக்காமல் நீர் நிற்காது.

என் வயல் மூழ்கியது, பக்கத்து ஊருக்குப் பயிர்க் காப்பீடு வந்தது. எனக்கு ஏன் வரவில்லை?

2018 முதல் நெல் மூழ்கிய சேதத்தை வயல்வாரியாகத் தனியாக அளக்கவில்லை; 2026 காரிஃப் பருவம் முதல்தான் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்தது. வழக்கமாக வருவாய் கிராம அளவில் அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி மகசூல் முன்பே நிர்ணயித்த மகசூலுக்குக் கீழே போனால்தான் தொகை. நியாயமில்லை என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான். ஆனால் விதி அதுதான். ஆகவே சோதனை நாளில் கிராமத்தார் வயலில் நிற்பது முக்கியம். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பயிரும் பரப்பும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பிரீமியம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.