கரையோர ரயில் கேக்: கொழும்பு வெக்கைக்கு ஏற்ற வழி

கேள்வி: வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வருகிறது. கடலோரமாக ஓடும் ரயில் போல ஒரு கேக் வேண்டும், அதில் யானையும் ஆமையும் பயணம் போக வேண்டும் என்கிறான். வீட்டில் சிறிய ஒவன்தான் உண்டு, கூடத்தில் ஏ.சி. இல்லை. 25 பேர் வருவார்கள். பொன்டன்ட் போர்த்துவதா, பட்டர் ஐசிங் பூசுவதா?

பதில்: பொன்டன்ட் வேண்டாம். அது முழுக்க முழுக்கச் சீனி. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தால், கடற்காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாக வியர்த்து நிறம் வழியும். பிள்ளைகளில் பாதிப்பேர் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

பட்டர் ஐசிங்தான் சரி; ஆனால் பட்டர் மட்டும் போதாது. பட்டர் முழுதாக உருகுவது 32 முதல் 35 பாகை செல்சியஸில். கொழும்பின் பகல் 30 பாகையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது; அந்தச் சூட்டில் பட்டர் உருகாவிட்டாலும் தளர்ந்து சரியும். எனவே 125 கிராம் பட்டருடன் 125 கிராம் வெள்ளை ஷோர்ட்னிங் (கட்டியான தாவரக் கொழுப்பு) சேர்த்து, 500 கிராம் சலித்த ஐசிங் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, வனிலா, ஓரிரு தேக்கரண்டி பால் விட்டு நன்றாக அடியுங்கள். ஷோர்ட்னிங் கிடைக்கவில்லை என்று அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அது ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகிவிடும். நம் ஊர்ப் போத்தலில் அது எப்போதாவது உறைந்து பார்த்திருக்கிறீர்களா?

ரயிலைப் பெரிய கேக் ஒன்றிலிருந்து செதுக்க நினைப்பவர்களே அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. செதுக்கிய இடமெல்லாம் துகள் உதிரும், ஐசிங்கில் கலக்கும், கேக்கும் வீணாகும். பட்டர், சீனி, மா மூன்றும் தலா 250 கிராம், முட்டை ஐந்து என்ற வழக்கமான பட்டர் கேக்கை 8 அங்குலச் சதுரத் தட்டில் சுடுங்கள். ஸ்பஞ்ச் கேக் மென்மையானது, பெட்டியாக நிற்காது. 160 பாகையில் 45 முதல் 55 நிமிடம் ஆகும். சிறிய ஒவனில் மேல்கம்பி கிட்ட இருப்பதால் கீழ்த்தட்டில் வைத்து, மேற்புறம் சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். ஆறிய பின் சுற்றி, ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குளிராக இருக்கும்போதே ஆறு துண்டுகளாக வெட்டினால் விளிம்பு கூர்மையாக வரும். நான்கு பெட்டிகள், ஓர் இயந்திரம். ஆறாவது துண்டில் பாதி, இயந்திரத்தின் மேல் சாரதி அறையாக ஏறும். மிஞ்சிய பாதி சமையற்காரிக்கு. ஒவ்வொரு பெட்டியையும் இயந்திரத்தையும் ஐந்தைந்தாக வெட்டலாம். பட்டிஸும் ரோல்ஸும் சாப்பிட்ட வயிறுகளுக்கு அது தாராளம்.

நிறத்துக்குத் திரவச் சாயம் வேண்டாம், ஜெல் வாங்குங்கள். கடும் சிவப்புக்கு நிறைய ஜெல் தேவைப்படும், கசக்கும். பழைய பெட்டிகளின் செம்பழுப்பு போதும் என்றால் ஐசிங்கில் கொக்கோத்தூள் கலந்து, பிறகு கொஞ்சம் சிவப்பு விடுங்கள். நீலப் பெட்டி வேண்டும் என்று அடம்பிடித்தால், பட்டரின் மஞ்சளோடு நீலம் சேர்ந்து பச்சையாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஊசிமுனை அளவு ஊதா அதைச் சரிசெய்யும். சில மணி நேரத்தில் நிறம் இன்னும் கடுமையாகும், ஆகவே கொஞ்சம் வெளிறலாகவே நிறுத்துங்கள்.

கடலுக்குக் கடற்பாசிதான் (அகர் அகர்) என் தெரிவு. ஜெலட்டின் நம் கூடத்துச் சூட்டில் தளர்ந்துவிடும். கடற்பாசி சாதாரண அறைச் சூட்டிலேயே இறுகும், மறுபடி உருக 85 பாகை வேண்டும். சைவ வீட்டுக்கும் பொருந்தும். 10 கிராம் இழைகளை ஊறவைத்து, முக்கால் லீற்றர் தண்ணீரில் முழுவதும் கரையும்வரை காய்ச்சி, சீனியும் நீலமும் சேர்த்து ஊற்றுங்கள். நீலம் சேர்க்கும் முன்பே ஒரு கோப்பையளவு கரைசலைத் தனியே எடுத்துத் தேங்காய்ப்பால் கலந்து சூடாக வைத்திருந்து, நீலம் பாதி இறுகியதும் ஓரமாக விட்டால் நுரையும் வந்துவிடும். நேரம் போகப் போகக் கடற்பாசி நீர் விடும். அதனால் கடல் தனித் தட்டில் இருக்கட்டும், கேக் பலகையைத் தொட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே மாரி பிஸ்கட்டைப் பொடித்து மணலாகத் தூவுங்கள்.

யானைக்கும் ஆமைக்கும் உடம்பு செய்யாதீர்கள். பெட்டியின் மேலே தலை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும், அதுவே சிரிப்பை வரவழைக்கும். கால் வளைந்து விழும் தொல்லையும் இல்லை. 200 கிராம் கஜுவைச் சிறிது ஐசிங் சீனியுடன் விட்டு விட்டு அரையுங்கள், தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கக்கும். மொத்தம் 200 கிராம் ஐசிங் சீனி, பிசையும் பதத்துக்குத் திரவக் குளுக்கோஸ், ஒரு துளி பன்னீர். முட்டை வெள்ளைக்கரு தேவையில்லை. வரும் பிள்ளைகளின் தாய்மாரிடம் கஜு ஒத்துக்கொள்ளுமா என்று முதலிலேயே கேளுங்கள். சந்தேகமென்றால் பால்மா, ஐசிங் சீனி, டின்பால் மூன்றையும் பிசைந்து அதே உருவங்களைச் செய்யலாம். தலையை நிறுத்த உலர்ந்த ஸ்பெகட்டித் துண்டைக் குத்துங்கள். பல்குச்சி வேண்டவே வேண்டாம்.

சக்கரத்துக்கு வட்டச் சொக்லேட் கிரீம் பிஸ்கட், தண்டவாளத்தின் கீழுள்ள சிலிப்பர் கட்டைக்கு ஃபிங்கர் பிஸ்கட். இவை ஈரத்தில் நமுத்துவிடும், ஆகவே விருந்தினர் வருவதற்குச் சற்று முன்புதான் ஒட்ட வேண்டும். ஒரு வேஃபரை நிறுத்தி, மும்மொழிப் பெயர்ப்பலகை போல மகனின் பெயரை எழுதிவிட்டால், பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில் அவனுக்கென்றே ஒரு நிலையம். மெழுகுவர்த்தி ஐந்தும் இயந்திரத்துக்கும் பெட்டிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சரியாகப் பொருந்தும்.

ஐசிங் பூசிய பெட்டிகளை மூடிய அட்டைப் பெட்டிக்குள் வைத்தே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு மணி நேரமாவது அட்டையைத் திறக்காதீர்கள். வியர்வை அட்டையோடு போகும். எறும்புக்கு மேசைக் கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம். தலைகளை மட்டும் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் செய்து, மேலதிகமாக ஒரு யானையையும் மறைத்து வையுங்கள். ஆமை கிடைத்தவன் அழுவான்.