மாங்காய் நறுக்கினேன், கத்தி கறுத்துவிட்டது

கேள்வி: ஒஹாயோவில் இருக்கிறேன். இங்கே பழைய சாமான் சந்தையில் கேஸ் (Case) என்ற அமெரிக்க கம்பெனியின் மஞ்சள் பிடி போட்ட மடக்குக்கத்தி ஒன்று வாங்கினேன். இரண்டு அலகு. வீட்டில் மாங்காய் நறுக்கியதும் பெரிய அலகு நீலமும் கறுப்புமாகிவிட்டது. விற்றவரிடம் காட்டினால், 40 டாலர் கொடுங்கள், பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். போலியை வாங்கி ஏமாந்துவிட்டேனா? தினமும் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவும் ஆசை. ஆனால் அடுத்த மாதம் குடியேற்ற அலுவலகத்தில் கைரேகை கொடுக்கப் போக வேண்டும், பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 40 டாலரைப் பத்திரமாக வையுங்கள். கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் அம்மா அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கினால் என்ன ஆகும்? அதேதான் இங்கே மாங்காயில் ஆகியிருக்கிறது.

அலகை விரித்து, பிடிக்குள் நுழைகிற அடிப்பகுதியின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். 3254 என்று பொறித்து, பக்கத்தில் சி.வி. என்று இருக்கும். 3 என்றால் மஞ்சள் பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 என்பது டிராப்பர் என்ற மாடல். சி.வி. என்பது குரோம் வனேடியம், அதாவது புளிப்பு பட்டால் கறுக்கிற, ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கிற பழைய வகை எஃகு. எஸ்.எஸ். என்று போட்டிருந்தால் ஸ்டெயின்லெஸ். எஸ்.எஸ். என்று போட்ட கத்தி மாங்காய்க்கே இப்படிக் கறுத்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

அலகின் பக்கவாட்டில், கூர் படாமல், விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல், நீலம், கறுப்பு எதுவும் விரலில் ஒட்டாது, வழவழவென்றே இருக்கும். செங்கல் பொடி மாதிரி ஒட்டினால் அது துரு, அதை எடுக்கத்தான் வேண்டும். நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் ஆயில் ஒரு சொட்டு மூட்டில் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்கு ஏறி அலகு திறக்காது.

இந்த பாலிஷ் ஆசாமிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் சக்கரத்தில் அலகை வைத்துத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் கூர் முனை சூடேறி எஃகு மிருதுவாகிவிடலாம், பொறித்த எழுத்தும் தேய்ந்து போகும். எழுத்தில்தான் கத்தியின் வயதே இருக்கிறது. 1970-இல் கேஸ் கம்பெனி பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தது, பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்தது, 1979-இல் ஒரே புள்ளி. சேகரிக்கிறவர் காசு கொடுப்பது அந்தப் புள்ளிகளுக்கும் தேயாத அலகுக்கும்தான். அதை 40 டாலர் வாங்கிக்கொண்டு அழித்துக் கொடுக்கிறேன் என்கிறார் உங்கள் ஆள்!

இன்னொன்று. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் விட்டுப்போகும் கத்திகளைச் சில மாநில அரசுகள் மூட்டை மூட்டையாக ஏலத்தில் விற்கின்றன, பென்சில்வேனியா உட்பட. கேஸ் கத்தி செய்யும் பிராட்போர்டும் அதே மாநிலம்தான், வேடிக்கை. அதில் தவறில்லை, மலிவாக வாங்கி நேர்மையாக விற்பவர்களும் உண்டு. ஆனால் அந்த மூட்டையில் வந்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தாத்தாவின் மேஜை டிராயரில் கிடைத்தது என்று சொல்லி இரண்டு மடங்கு விலை வைப்பவரும் இருக்கிறார். அடுத்த தடவை வாங்கும்போது இரண்டு அலகின் அடிப்பகுதிக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். மங்கலான படம் அனுப்பினால் விட்டுவிடுங்கள். பிடியைத் தேய்த்தால் கற்பூர வாசனை வருகிற பழைய மஞ்சள் பிடி என்றால் அது செல்லுலாய்டு, மற்றக் கத்திகளோடு மூடிய பெட்டியில் போடாதீர்கள், அதிலிருந்து வரும் ஆவி பக்கத்துக் கத்தியையும் துருவாக்கிவிடும்.

சரி, பாக்கெட்டில் வைக்கலாமா? தாராளமாக. விரலால் இழுத்துத் திறக்கிற, பூட்டு இல்லாத கத்தி இது. ஒஹாயோவில் 2021 முதல், கத்தியை ஆயுதமாகப் பயன்படுத்தினால் ஒழிய, மறைத்து ஆயுதம் வைத்திருப்பது பற்றிய சட்டப்படி அது ஆயுதமே இல்லை. தெருவில் யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை.

ஆனால் குடியேற்ற அலுவலகம் மத்திய அரசுக் கட்டடம், அங்கே கதை வேறு. மத்திய அரசுக் கட்டடத்துக்குள் ஆபத்தான ஆயுதம் கொண்டுபோவது குற்றம், அலகு இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான பேனாக்கத்தி மட்டும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் டிராப்பரின் பெரிய அலகு மூன்று அங்குலத்தைத் தாண்டும். அதனால் விலக்கு உங்களுக்கு இல்லை. அப்படியானால் கேஸின் பீநட் என்ற மாடல் மாதிரி குட்டிக் கத்தி வாங்கிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். சட்டப்படி அது தப்பிக்கும், வாசலில் நிற்கும் காவலரிடம் தப்பிக்குமா என்பது வேறு விஷயம். அந்தக் கட்டடத்துக்கென்று கூடுதல் விதி இருக்கலாம், அவரிடம் நின்று இரண்டரை அங்குலம் என்று அளந்து காட்டிக்கொண்டிருந்தால் உங்கள் நேரம்தான் போகும். சில இடங்களில் வைத்துவிட்டுப் போக லாக்கர் கூடக் கிடையாது. இதனால் வாசல் பூந்தொட்டியில் புதைத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், திரும்பி வந்தால் பூந்தொட்டி மட்டும் இருக்கும். அன்றைக்குக் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

விமானமும் அப்படித்தான், கையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். 2013 மார்ச்சில் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறையினர் சின்னக் கத்திகளைக் கையோடு கொண்டுபோகலாம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் ஜூனில் அந்த யோசனையையே கைவிட்டார்கள். முதலிலேயே யோசித்திருந்தால் நம்மைக் குழப்பாமல் விட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இரண்டாவது அலகு முனை மழுங்கி, நீளமாக இருக்கிறதல்லவா? அது கன்றுக்குட்டிக்குக் காயடிக்க வடிவமைத்தது. பழைய சாமான் சந்தையில் வாங்கியது என்கிறீர்கள். மாங்காய் நறுக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?