கேளுங்கள், சொல்கிறேன்: எந்த லெவலைச் சொல்கிறான்?

கே: கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் மகன் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறான்; பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கற்பனைக் கதை ஆட்டமாம். நேற்று, "அம்மா, அஞ்சாவது லெவலுக்கு வந்துட்டேன், மூணாவது லெவல் மந்திரம் கிடைச்சிருச்சு" என்று குதித்தான். அஞ்சா, மூணா? கேட்டால் சிரிக்கிறான்.
– வாசகி, திருச்சி

ப: இரண்டும்தான் அம்மா. அஞ்சு, அவன் ஏற்றிருக்கும் மந்திரவாதியின் லெவல். மூணு, மந்திரத்தின் லெவல். மந்திரவாதி அஞ்சை எட்டினால்தான் மூன்றாம் லெவல் மந்திரம் கைக்கு வரும். நெருப்பு உருண்டை வீசும் ஃபயர்பால் அதில்தான் இருக்கிறது. பையன் குதித்ததில் ஆச்சரியமில்லை. பழைய விதிகளில் பாதாளத்தின் ஒவ்வொரு தளமும் ஒரு லெவல், அரக்கனுக்கும் ஒரு லெவல். ஆக நாலு!

ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸுக்கும் இது தெரியும். பாத்திரத்துக்கு 'ராங்க்', மந்திரத்துக்கு 'பவர்', அரக்கனுக்கு 'ஆர்டர்' என்று பிரிக்க யோசித்ததாக 1978-இல் வந்த விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் எழுதியிருக்கிறார். யோசித்ததோடு சரி. பழகிய சொல்லையே வைத்துக்கொண்டார். எனக்கு அதில் இன்றும் ஆதங்கம்தான்.

கே: பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைகளோடு ஆட முடியுமா?
– வாசகர், பெங்களூரு

ப: ஆடி அசடு வழிந்தவனிடம் கேட்கிறீர்கள். மாமா எப்போதோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, முதுகு கிழிந்த அதே 1978 புத்தகம்தான் எனக்குப் பாடநூல். அதில் ஆர்மர் கிளாஸ், அதாவது எதிரியின் அடி படாமல் காக்கும் எண், குறையக் குறைய நல்லது. கவசமே இல்லாதவனுக்கு 10, முழு இரும்புக் கவசமும் கேடயமும் உள்ளவனுக்கு 2. போன வருடம் அண்ணன் மகன் வீட்டில், "எனக்கு மூணு!" என்று மார்தட்டினேன். மேஜையே அமைதியாகிவிட்டது. "சித்தப்பா, மூணுன்னா எலிகூடக் கடிச்சிட்டுப் போயிடும்" என்றான் அவன். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்களாம்; இப்போது ஏற ஏறத்தான் நல்லது.

சரி, சண்டையில் ஒரு ரவுண்டு எவ்வளவு நேரம் என்றேன். ஆறு விநாடி. என் புத்தகத்தில் ஒரு முழு நிமிடம்! திருடனுக்குக்கூட 'தீஃப்' போய் 'ரோக்' என்று பெயர். 2024 புத்தகத்தில், பாத்திரம் மனிதனா குள்ளனா என்று சொல்லும் 'ரேஸ்' எடுபட்டு 'ஸ்பீஷீஸ்' வந்தாயிற்று. அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. தாராளமாக ஆடுங்கள், ஆனால் உட்காரும் முன் "எந்த எடிஷன்?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

கே: டன்ஜன் மாஸ்டர், கேம் மாஸ்டர் இருவரும் ஒருவர்தானா?
– வாசகர், மதுரை

ப: கதையை நடத்தி, விதிகளுக்குத் தீர்ப்பும் சொல்பவர்; வேலை ஒன்றுதான். 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பெட்டியில் அவர் வெறும் 'ரெஃபரி'. அட்டையிலும் 'ரோல்-பிளேயிங்' என்ற சொல் கிடையாது, வார்கேம், அதாவது பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டத்தின் விதிகள் என்றுதான் இருக்கும். அப்புறம் வந்த மற்ற ஆட்டங்களில் ஆளாளுக்கு ஒரு பெயர்: கால் ஆஃப் கதுலுவில் கீப்பர், வாம்பயரில் ஸ்டோரிடெல்லர். எங்கள் மேஜையில் அவன் 'கதை சொல்றவன்'. டீ யார் போடுவது என்பதையும் அவனேதான் பகடை உருட்டிச் சொல்கிறான். இதுவரை எப்போதும் எனக்கே விழுந்திருக்கிறது.