மானாவாரிக் கொல்லையில் முனைவர் பட்டம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்த நான், மண்ணியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் பக்கத்து மானாவாரி ராகிக் கொல்லைகளின் மண்வளத்தை முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறேன். ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே முடிந்துவிடும் தலைப்பை எடுத்தால்தான் விரைவில் கட்டுரைகள் வெளியிட்டு வேலைக்குப் போகலாம் என்கிறார்கள் மூத்த மாணவர்கள். அப்பாவோ வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

ம., தருமபுரி மாவட்டம்

அன்புள்ள ம.,

கொல்லையை விட்டுவிடாதீர்கள். ஆனால் மூத்த மாணவர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மானாவாரி ராகி ஆண்டுக்கு ஒரு போகம்தான். மூன்றாண்டு ஆய்வில் கிடைக்கும் மூன்று போகங்களில் ஒன்று மழை பொய்த்துப் போனால், ஆய்வேட்டில் பெரும் ஓட்டை விழுந்துவிடும். மண்ணின் கரிமச்சத்து மாறுவதோ இன்னும் மெதுவாக. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலை நூறாண்டு கடந்தும் காத்துவருவதற்குக் காரணமே, இத்தகைய மாற்றங்கள் பல பதின்ம ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரியும் என்பதுதான்.

ஆகவே, நீங்களே எருவிட்டு மாற்றத்துக்காகக் காத்திருக்கும் ஆய்வாக இதை அமைக்காமல், ஏற்கெனவே மாறிவிட்ட நிலங்களை ஒப்பிடும் ஆய்வாக அமையுங்கள். ராகிக்கு நடுவே சால்விட்டு அவரையும் துவரையும் நெடுங்காலமாகப் போட்டுவரும் கொல்லையும், ஆழ்துளைக் கிணறு வந்தபின் தக்காளிக்கு மாறிய கொல்லையும் உங்கள் பக்கத்தில் அடுத்தடுத்தே இருக்கும். மண்வகையும் சரிவும் ஒத்த இணைகளாக அவற்றைத் தேர்வதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. அதில் அவசரப்பட்டால், பயிர்முறையால் வந்த வேறுபாடு எது, நிலத்தின் இயல்பால் வந்தது எது என்று பின்னர் பிரிக்கவே முடியாது. எந்த ஆண்டில் எந்தப் பயிர் வைத்தார்கள் என்பதை நில உரிமையாளரிடம் மட்டும் கேட்காமல், அங்கே உழுதவரிடமும் களையெடுத்தவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள். இந்த ஒப்பீட்டுக்கு மழை தவறிய ஆண்டிலும் தரவு கிடைக்கும். உங்கள் பக்கத்து மானாவாரிப் பயிர்களிலேயே நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை போய், உங்கள் திட்டத்தை அங்குள்ள விஞ்ஞானிகளிடம் காட்டுங்கள்.

கட்டுரைகளைப் பற்றி ஒன்று: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தமக்கென நிபந்தனை வைத்திருக்கலாம்; வேலைத் தேர்விலும் கட்டுரைகளுக்கு மதிப்புண்டு. எனவே முதலாண்டு மாதிரிகளிலிருந்தே ஒரு கட்டுரை எழுத முடியுமாறு திட்டமிடுங்கள்.

உங்கள் அப்பா கேட்பது வருமானத்தைப் பற்றிய நேர்மையான கேள்வி. அதற்கு ஆர்வத்தைப் பதிலாகச் சொன்னால் போதாது. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் வழியே இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் முதுநிலையில் 42,000 ரூபாயும் உண்டு. பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்டப் பணியில் சேர்ந்தால் திட்டம் முடியும் நாளில் வருமானமும் நின்றுவிடும் என்பதால், சொந்த உதவித்தொகைக்கே முதலில் முயலுங்கள். அது கிடைக்கும்வரை வங்கித் தேர்வையும் எழுதுவதில் தவறில்லை.

இணைக் கொல்லைகளைத் தேடும் வேலையை மட்டும் முனைவர் பட்டப் பதிவு கிடைக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். ஆடிப் பட்டத்துக்கு உழவு தொடங்கும் முன்பே நிலங்களைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.