ட்யூன் வராத நாட்களில் பழைய வீடியோ கேம் இசையை மறுபடி அமைத்துப் பார்ப்பது பயன் தருமா?

கேள்வி: ஆறு மாதமாகச் சொந்தமாக ஒரு ட்யூன்கூட வரவில்லை. பழைய வீடியோ கேம் பாட்டு ஒன்றை எடுத்து உன் பாணியில் அமைத்துப் பார் என்கிறார் நண்பர். அது உதவுமா, இல்லை வேலையைத் தள்ளிப்போட ஒரு சாக்காகத்தான் முடியுமா?

உதவும். எனக்கு உதவியது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெறுமனே "செய்து பாருங்கள்" என்றால் நீங்களும் நான் முதலில் போன தப்பான வழியிலேயே போவீர்கள்.

நான் கீபோர்டு வாசிப்பவன். வகுப்பு எடுக்கிறேன், குறும்படங்களுக்கு இசை போடுகிறேன். ஒருமுறை ஒரு விளம்பரப் படத்துக்குப் பதினொரு ட்யூன் போட்டுக் கொடுத்தேன். பதினொன்றும் திரும்பி வந்தது. கடைசியில் அவர்கள் வேறு ஒருவரிடம் போனார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, நடப்பதுதான். ஆனால் அதற்குப் பிறகு கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் மூன்றாவது சுரம் வாசிப்பதற்குள் "இது வேண்டாம்" என்று உள்ளே ஒரு குரல் வந்துவிடும். எட்டு மாதம் இப்படியே போனது. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கை நன்றாகத்தான் ஓடியது. சொந்தமாக வாசிக்கலாம் என்று நினைத்தால் மட்டும் நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில் பரணைச் சுத்தம் செய்தபோது சித்தப்பா மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்த கேம் பாய் கிடைத்தது. கையில் பிடித்து ஆடும் கேம் கருவி. உள்ளே, விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டின் கேசட் அப்படியே இருந்தது. நாலு பேட்டரி போட்டதும் அந்தப் பாட்டு வந்தது. டெட்ரிஸ் ஆடியவர்கள் யாருக்கும் அது மறக்காது.

அந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. அதன் பெயர் கொரோபெய்னிகி, ரஷ்ய நாட்டுப்பாட்டு. பெட்டியில் சாமான் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்கும் வியாபாரிகளைத்தான் ரஷ்ய மொழியில் அப்படிச் சொல்வார்கள். வரிகள் நெக்ராசோவ் என்ற கவிஞர் 1861-இல் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வந்தவை. 1989-இல் கேம் பாய் டெட்ரிஸுக்காக அந்தக் கருவியைச் செய்த நிண்டெண்டோ நிறுவனத்தில் வேலை பார்த்த ஹிரோகாசு தனாகா அதை எடுத்து அமைத்தார். அதாவது உலகம் முழுக்க "டெட்ரிஸ் பாட்டு" என்று அறிந்திருப்பதே ஒரு மறு அமைப்புதான். இதைப் படித்த அன்றுதான் எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. இன்னொருவர் மெட்டை எடுத்து வாசிப்பது திருட்டு மாதிரி, சோம்பேறித்தனம் மாதிரி எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. தனாகா அப்படி நினைத்திருந்தால் எனக்கு இந்தப் பாட்டே கிடைத்திருக்காது.

முதலில் போன தப்பான வழி என்று சொன்னேனே, அது இதுதான்: பாட்டைக் கேட்டவுடன் அதன் மேல் ஸ்ட்ரிங்ஸ், பேட், டிரம்ஸ் என்று நாற்பது டிராக் ஏற்றினேன். இரண்டு நாளில் அந்த "வேண்டாம்" குரல் திரும்பி வந்துவிட்டது. தேர்வுகள் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் அந்தக் குரலுக்கும் வேலை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு கேம் பாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அதில் ஒலிக்கு நாலே சேனல். 'பீப்' மாதிரி ஒலிக்கும் பல்ஸ் அலை இரண்டு, நாம் 32 புள்ளிகளில் வரைந்து கொடுக்கும் ஓர் அலை, அப்புறம் இரைச்சலுக்கு ஒன்று. இரைச்சல் சேனலில்தான் டிரம்ஸ் மாதிரியான சத்தம் எல்லாம். ஆக, ஒரு நேரத்தில் மூன்று சுரத்துக்கு மேல் கிடையாது. கார்டு, அதாவது பல சுரம் சேர்ந்து ஒலிப்பது, வேண்டுமென்றால் சுரங்களைப் படுவேகமாக மாற்றி மாற்றி வாசித்துக் காதை ஏமாற்ற வேண்டும். விளையாட்டின் சத்தங்களும் இதே நாலு சேனலில்தான் வரவேண்டும் என்பதால், அந்த நேரத்துக்குப் பாட்டின் ஒரு குரல் விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பாட்டு முழுதாக நிற்கிறது! ஒரு சுரம்கூட வீணாக இல்லை. பழைய கேம் இசையை எடுக்கச் சொல்வதற்கு எனக்கு இதுதான் பெரிய காரணம். சினிமாப் பாட்டை எடுத்தால் எதைத் தொடுவது என்றே தெரியாது. இங்கே மூன்று வரிகள்தான், மூன்றையும் கையால் தொடலாம். பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள்கள் சிலவற்றில் ஒவ்வொரு சேனலாக அணைத்துக் கேட்கும் வசதி உண்டு. நான் அப்படிக் கேட்டு ஒவ்வொரு வரியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் எதையும் உருவாக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் காது மட்டும் வேலை செய்தது. அதுவே மருந்து மாதிரி இருந்தது.

இனி நடந்ததைச் சுரம் போட்டே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெட்ரிஸ் பாட்டின் ஆரம்பம் இப்படி வரும் (காற்புள்ளி முந்தைய சுரத்தின் நீட்டல்):

ப , ரி க ம , க ரி ஸ , ஸ க ப , ம க

நாலு நாலாகப் போகிறது, சதுஸ்ர நடை. நான் சுரம் எதையும் மாற்றவில்லை. அந்த நீட்டலை மட்டும் எடுத்தேன். அப்போது ஒவ்வொரு நாலும் மூன்றாகிவிடுகிறது:

பரிக மகரி ஸஸக பமக

அவ்வளவுதான். அப்படியே மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையில் உட்கார்ந்துவிட்டது! வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இடது கையில் பேஸ் வரியை, அதாவது அடியில் ஓடும் கீழ்ச் சுரங்களை மட்டும் ஒற்றைச் சுரமாக வைத்து வாசித்தேன். கட்டை விழும் அவசரம் போய், யாரோ தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "இது என்னடா பாட்டு, நல்லாயிருக்கே" என்றார். எட்டு மாதத்தில் நான் வாசித்ததை நானே ரசித்துக் கேட்டது அன்றுதான்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. முதல் பகுதியில் மேலே ஏறி இறங்கும் இடத்தில் "ம த ஸா நி த ப" என்று வருகிறதே, அந்த நி கைசிகி நிஷாதம், கொஞ்சம் தாழ்ந்த நி. நடபைரவி ராகத்தின் சுரங்கள். இரண்டாம் பகுதியில் பாட்டு நிதானமாகி "ப க ம ரி க ஸ நி" என்று கீழே இறங்கி நிற்கும். அங்கே வருவது காகலி நிஷாதம், அதைவிட உயர்ந்த நி. அதாவது கீரவாணி ராகம். மற்ற சுரமெல்லாம் அதே. நி ஒன்றுதான் மாறுகிறது, அதற்கே பாட்டின் முகம் மாறிவிடுகிறது. சின்ன வயதில் அந்த இடம் வந்தால் ஏன் வயிற்றுக்குள் என்னவோ செய்தது என்று முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது. மேற்கத்திய இசை படித்தவர்களுக்கு மைனரில் இப்படி இரண்டு நிஷாதமும் வருவது சாதாரணம். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்திருப்பதும், விரலடியில் உணர்வதும் ஒன்றாகிவிடாது.

அந்த நிஷாதத்திலேயே இரண்டு மூன்று நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். நி-யில் நின்று, ரி-யைத் தொட்டு, ஸ-வுக்கு வராமல் திரும்பிப் போவது. மூன்றாம் நாள் டெட்ரிஸ் பாட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கை திரும்பவில்லை. எட்டு தாள அளவு (பார்) வேறெங்கோ போய்விட்டு வந்தது. ஃபோனில் பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தேன், இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும். மறுநாள் கேட்டால் அதில் டெட்ரிஸ் இல்லை. என் ட்யூன்தான்.

அதை வைத்துக்கொண்டு உடனே பெரிதாக எதுவும் செய்யவில்லை. அடுத்து 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் தண்ணீருக்கடியில் வரும், மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸை எடுத்தேன். மாரியோவின் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ முதன்மைப் பாட்டுக்கு முதலில் போட்ட மெட்டு மாரியோவின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் ஒத்துவரவில்லை என்று அதை விட்டுவிட்டு வேறு போட்டார் என்பதைப் படித்தபோது, என் பதினொரு ட்யூன்களை நினைத்துக்கொண்டேன். ஒன்று ஒத்துவராமல் போவதற்கு அது கெட்ட ட்யூன் என்று மட்டும்தான் அர்த்தமா என்ன?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தள்ளிப்போடும் சாக்காக ஆகிவிடுமா என்றால், ஆகலாம். பாட்டை அச்சு அசலாக நல்ல ஒலியில் திரும்பச் செய்வதிலேயே மாதக்கணக்கில் இறங்கிவிட்டால் அது வெறும் சவுண்ட் வேலை. ஒரு நிமிடத்துக்குள் முடிந்து திரும்பச் சுழலும் பாட்டாக எடுங்கள். சின்ன வயதில் நீங்களே ஆடிய கேமாக இருக்கட்டும், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பிறர் கொண்டாடும் கேம் இசை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உங்கள் உடம்பு அதை அறியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: நடை, இல்லையென்றால் வேகம், இல்லையென்றால் ஒரு சுரம். வாசிக்கும்போதெல்லாம் ஃபோனில் பதிவை ஓடவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள், குறைந்தது முதல் மாதம். பின்னால் வெளியிடவோ விற்கவோ தோன்றினால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று அப்போது விசாரித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் பேஸ் வரியை மட்டும் எழுதி, அதை மட்டும் வாசித்துப் பாருங்கள். மெலடி தானாக மனதில் ஓடும், ஓடட்டும். கையால் அதைத் தொடாதீர்கள்.