தாரைக்கு எத்தனை துளை?

ஐயாவுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். கலைவிழாவுக்காக, பாவையின் நிழலைத் திரையில் ஆட்டும் தோல்பாவைக்கூத்து முறையில், வாலியை இழந்த தாரை, கோபத்தோடு கிட்கிந்தைக்கு வரும் இலக்குவனைத் தடுக்கும் காட்சியைப் பிள்ளைகளோடு செய்கிறோம். வெள்ளைப் புடவை தெரியட்டும் என்று ஆட்டுத்தோலில் புடவைப் பகுதியை நிறைய வெட்டி எடுத்தோம். விளக்கு வைத்தால் கல்யாணப்பெண் மாதிரி மின்னுகிறாள். இடுப்பிலும் கிழிந்துவிட்டது. கைம்பெண்ணின் உறுதியை எப்படிக் காட்டுவது?

வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

நிழலில் வெள்ளை என்பது துளைதான். நகை, சரிகை, பூ எல்லாம் உளியால் குத்திய பொட்டுகள். அதனால் தாலியும் மணியும் இழந்தவளுக்குத் துளையைக் குறைக்க வேண்டும், கூட்டக்கூடாது. ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டத்தில் ஒளி ஊடுருவும் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அங்கே நிறம் பூசாமல் விட்டாலே போதும். பாலக்காட்டுப் பாவை கறுத்த நிழல். இங்கே அந்த வழி எடுபடாது.

கம்பன் வேண்டிய அளவைத் தந்திருக்கிறான்: 'மங்கல அணியை நீக்கி, மணி அணி துறந்து'. கழுத்து மறையப் போர்த்தியிருக்கிறாள் என்றும் சொல்கிறான். எனவே தலையிலிருந்து தோள்வரை ஒரே கோடாக வரையுங்கள், கழுத்து வளைவு வேண்டாம். கண்ணை மட்டும் வெட்டுங்கள். முந்தானை ஓரத்தில் ஒற்றை வரிசைப் பொட்டு போதும். இரண்டு பொட்டுக்கு நடுவே ஒரு பொட்டின் அகலமாவது தோல் நிற்கட்டும். உங்கள் பாவை கிழிந்தது அந்த இடைவெளி இல்லாததால்தான். கண்ணீர்த்துளி வெட்ட ஆசை வரும். விட்டுவிடுங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மூக்குத்தி என்பார்கள்.

ஆட்டுத்தோல் மெல்லியது. இரண்டு பக்கமும் கறுப்பு பூசினால்தான் நிழல் கெட்டியாகும். வெட்டாத பரப்பு அதிகம் என்பதால் விளக்குச் சூட்டில் தோல் வளையும். நடுவே பிளந்த மூங்கில் ஒன்று, தோளுக்கும் முழங்காலுக்கும் குறுக்கே சிறு குச்சி இரண்டு வைத்துக் கட்டுங்கள்.

இலக்குவனுக்கு இரண்டு பாவை வேண்டும்: கோபத்தோடு வருபவன் ஒன்று, தலை சாய்த்து நிற்பவன் ஒன்று. 'தாமரை வதனம் சாய்த்து, தனு நெடுந் தரையில் ஊன்றி' நின்றான் என்கிறது பாட்டு. கழுத்தில் மூட்டு இல்லாத பாவை தலை சாய்க்காது. முதல் பாவையை விளக்குப் பக்கம் தள்ளிப் பிடித்தால் நிழல் பெருத்து மங்கும். கூத்துமாடம் என்னும் பாவைக்கூத்து மேடையில்போல் வரிசையாக 21 விளக்கு வைத்தால் ஒரு பாவைக்கே பல நிழல் விழும், அந்தக் கோபத்துக்கு அது பொருத்தம். தாரையோ முதலிலிருந்தே திரையை ஒட்டி நிற்கட்டும், அவள் நிழல் பிசிறாது. இலக்குவன் திரையை நெருங்க நெருங்கத் தானாகவே சிறுப்பான். அங்கே பாவையை மாற்றுங்கள்.

வான்மீகியின் தாரை இந்த இடத்தில் கள்மயக்கத்தோடு வருகிறாள், கைம்மைக் கோலம் இல்லை. அது கம்பன் செய்த மாற்றம். அவளைப் பார்த்து இலக்குவன் தன் தாயரை நினைத்துக் கண் கலங்குவதும் அப்படித்தான். ஆனால் அவளைக் கல்லாக நிறுத்திவிடாதீர்கள். 'நடுங்குவாள்' என்கிறான் கம்பன், நடுங்கிக்கொண்டேதான் பேசுகிறாள். அசையும் கை ஒன்றுக்கு மட்டும் தனிக்குச்சி கட்டி, பேச்சுத் தொடங்கும்போது விரல் அளவு அசைத்தால் போதும். அதற்குமேல் ஆட்டினால் கையின் மூட்டுக்கயிறு திரையில் தெரியும்.