தோளில் பள்ளம் விழும் அளவு பாரம்: மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பல, "கேட்கவே கூச்சமாக இருக்கிறது டாக்டர்" என்றுதான் தொடங்குகின்றன. முழங்கால் வலி என்றால் கூச்சப்படுவோமா? இதுவும் உடம்பில் ஒரு பாரம், அதனால் வரும் வலி. அப்படித்தான் இதைப் பார்க்க வேண்டும். பெயர்களை எடுத்துவிட்டு, ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

எனக்கு 34 வயது. பள்ளி ஆசிரியை. கழுத்தும் தோளும் எப்போதும் வலிக்கின்றன. பிரா பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் பள்ளமே விழுந்துவிட்டது. ஆபரேஷன் என்று பேச்செடுத்தால், "அழகுக்காகவா உடம்பைக் கீறிக்கொள்வாய்?" என்கிறார் மாமியார். எடையைக் குறைத்தால் போதும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

மாமியாரிடம் அந்தப் பள்ளத்தை ஒருமுறை காட்டுங்கள். அழகுக்காக ஆசைப்படுபவரின் தோளில் அப்படி ஒரு தடம் இருக்காது.

மார்பின் பாரம் உடம்பை முன்னால் இழுக்கிறது. கழுத்து, முதுகுத் தசைகள் அதை நிமிர்த்திப் பிடிக்கப் பார்க்கின்றன. காலையிலிருந்து இரவுவரை இந்த இழுபறிதான். கரும்பலகையில் கையைத் தூக்கி எழுதும் வேலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிலருக்குத் தலைவலி வரும். சிலருக்குச் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும்.

எடை விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. மார்பகத்தில் கொழுப்பும் இருக்கிறது, பால் சுரக்கும் திசுவும் இருக்கிறது. எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொழுப்பு அதிகமானவருக்கு எடை குறைந்தால் மார்பும் ஓரளவு குறையும். சுரப்பித் திசு அதிகமானவர் பத்து கிலோ குறைத்தாலும் மார்பு பெரிதாக மாறாது. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30-க்கு மேல் இருந்தால் முதலில் கொஞ்சம் எடை குறைத்துவிட்டு வரச் சொல்வோம், ஏனென்றால் உடல் பருமன் அதிகமானால் புண் ஆறுவதில் சிக்கல் வருகிறது. ஆனால் "இருபது கிலோ குறைத்துவிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று ஒரு பெண்ணை வருடக்கணக்கில் திருப்பி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. வேகமாக நடக்கவே முடியாமல் தவிப்பவர் எப்படி ஓடி எடையைக் குறைப்பார்?

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் சரியான அளவில், அகலப் பட்டை வைத்த பிரா வாங்குங்கள். பாரத்தைத் தோள் தாங்கக் கூடாது, மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டை தாங்க வேண்டும். கூடவே இரண்டு மூன்று மாதம் பிசியோதெரபி. கையில் வலி இறங்கினால் கழுத்து எலும்பையும் பார்த்துவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு வலி தொடர்ந்தால் தயங்க வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் நோயாளிகள் அதிகம் நிறைவடையும் ஆபரேஷன்களில் இதுவும் ஒன்று. தழும்பு சரியாக அமையாதவர்கள்கூட "இதை முன்னாலேயே செய்திருக்கலாம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தைலம், கிரீம், மாத்திரை, மசாஜ் எதுவும் மார்பைச் சிறிதாக்காது. அதற்குச் செலவழிக்காதீர்கள்.

கோடை வந்தால் மார்புக்கு அடியில் வேர்த்து, சிவந்து, புண்ணாகி நாற்றம் அடிக்கிறது. மெடிக்கலில் ஒரு கிரீம் தருகிறார்கள். போட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது.

தோல் மடிப்பில் ஈரம் தங்கி, அதில் பூஞ்சை வளர்வதுதான் காரணம். கிரீம் டியூபைத் திருப்பி, அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உடனே அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும், தோலும் மெலிந்துபோகும். தோல் மருத்துவரிடம் காட்டி, ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்தாக வாங்கிப் போடுங்கள். குளித்ததும் மார்பைத் தூக்கி நன்றாக ஒற்றித் துடைத்து, மடிப்பில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். வருடாவருடம் இதே கதையானால், அதுவும் ஆபரேஷனுக்கு ஒரு நியாயமான காரணம்தான். மருத்துவச் சீட்டுகளை எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸுக்கு உதவும்.

என் மகளுக்கு 16 வயது. வயதுக்கு மீறிய மார்பு. துப்பட்டாவால் மூடிக்கொண்டு கூனியே நடக்கிறாள். விளையாட்டை விட்டுவிட்டாள். இப்போதே செய்யலாமா?

பொதுவாக, மார்பு வளர்வது நின்று, குறைந்தது ஒரு வருடமாவது அளவு மாறாமல் இருந்த பிறகு செய்வதுதான் நல்லது. அவசரப்பட்டால் மறுபடி வளர்ந்து இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். சில பெண்களுக்குப் பருவ வயதில் ஒரு சில மாதங்களிலேயே மார்பு மிக வேகமாகப் பெருக்கும். அப்படியானால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதுவரை அவளுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுங்கள். வீட்டில் யாரும், பாட்டி உட்பட, அவள் மார்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் அவளும் வரட்டும், அவளே பேசட்டும். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும்.

ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள்? எவ்வளவு தழும்பு இருக்கும்?

முழு மயக்கம் கொடுத்து, சுமார் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். கூடுதல் திசு, கொழுப்பு, தோல் மூன்றையும் எடுத்துவிட்டு, காம்பை மேலே நகர்த்தி வைப்போம். காம்பை வெட்டி எடுத்து ஒட்டுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள ஒரு திசுப் பாலத்தோடு சேர்த்தே அது நகர்கிறது. மிக மிகப் பெரிய மார்பாக இருந்தால் மட்டும் தனியாக எடுத்து ஒட்ட வேண்டி வரும். அப்போது உணர்ச்சியும் போகும், பாலும் கொடுக்க முடியாது.

தழும்பு இருக்கும். இல்லாமல் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். காம்பின் கருவட்டத்தைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு மார்பின் அடிமடிப்பில் ஒன்று என்று நங்கூரம் போல இருக்கும். ஜாக்கெட்டுக்கும் பிராவுக்கும் வெளியே தெரியாது. முதல் சில மாதம் சிவந்து, தடித்து, அரிக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மங்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தழும்பு கருப்பதும், தடித்து எழும்புவதும் அதிகம். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்து வளர்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். புண் முழுதாக ஆறியபின் சிலிக்கான் ஷீட் அல்லது ஜெல் பயன்படுத்தச் சொல்வோம்.

"34-பி சைஸுக்கு ஆக்கிவிடுங்கள்" என்று அளவு சொல்லிக் கேட்பார்கள். அப்படித் துல்லியமாக உறுதி தர முடியாது. உடம்புக்குப் பொருந்தும்படி, பாரம் குறையும்படி செய்யலாம். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. முன்பும் அப்படி இருந்திருக்காது.

இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா?

பலரால் முடிகிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது. காம்புக்குக் கீழே உள்ள சுரப்பித் திசுவையும் பால் நாளங்களையும் எவ்வளவு விட்டு வைக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, அந்தத் திசுவை முழுதாகக் காப்பாற்றும் முறைகளில் தாய்ப்பால் கொடுப்பது நன்றாக அமைகிறது என்றும், அறவே காப்பாற்றாத முறைகளில் மிக அரிது என்றும் காட்டுகிறது. அதனால் "எந்த முறையில் செய்யப் போகிறீர்கள், எனக்குப் பால் கொடுக்க வேண்டும்" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பால் போதாமல் புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுக்க நேரலாம். அது பரவாயில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் இப்போதே செய்யலாம். மனம் ஒப்பவில்லை என்றால், பிள்ளை பெற்று, பால் மறக்கடித்து ஆறு மாதம் கழித்துச் செய்துகொள்ளலாம். கர்ப்பத்தில் மார்பு மறுபடி பெருத்துத் தளரவும் வாய்ப்புண்டு.

காம்பில் உணர்ச்சி சில மாதம் மரத்தாற்போல் இருக்கும். பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்கு நிரந்தரமாகக் குறையும்.

ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். கட்டாயமா?

ஆமாம். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துகிறோம். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். அதுவுமில்லாமல், கழுத்துச் சங்கிலி நேராக ஆபரேஷன் நடக்கும் இடத்தில்தான் கிடக்கும். மனசு கேட்கவில்லை என்றால் வெறும் மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

எத்தனை நாள் ஓய்வு வேண்டும்? கூட்டுக் குடும்பம், வீட்டு வேலை முழுக்க என் தலையில்.

இந்தக் கேள்வியை எழுதியவருக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டு நாள். ரத்தநீர் வடிய சின்னக் குழாய் வைத்திருந்தால், பெரும்பாலும் அனுப்பும் முன்னரே எடுத்துவிடுவோம். முதல் நான்கைந்து நாள் வலி, வீக்கம், இறுக்கம் இருக்கும். மாத்திரையில் அடங்கும். ஆனால் படுத்தே கிடக்கக் கூடாது. அன்று மாலையே எழுந்து நடக்க வைப்போம், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது முக்கியம். மல்லாந்துதான் தூங்க வேண்டும், தலைப்பக்கம் இரண்டு தலையணை. கொக்கி முன்பக்கம் வைத்த, கம்பி இல்லாத பிராவை ராத்திரியும் பகலும் ஆறு வாரம் போட வேண்டும்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு வாரத்தில் போகலாம். சிக்கல் எல்லாம் வீட்டு வேலையில்தான். முதல் மூன்று நான்கு வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் கூடாது. கைக்குழந்தையைக் கீழிருந்து தூக்கக் கூடாது, உட்கார்ந்தபின் மடியில் யாராவது வைக்கட்டும். மாவாட்டுவது, துணி பிழிவது, ஈரத் துணியைக் கொடியில் கை உயர்த்திப் போடுவது, பரண்மேல் இருப்பதை எடுப்பது, எல்லாமே நெஞ்சுத் தசையை இழுக்கும் வேலைகள். நிரம்பிய சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதை ஆறு வாரம் வரை நகர்த்தக்கூடச் செய்யாதீர்கள். ஸ்கூட்டர் ஓட்ட நான்கு வாரமாவது ஆகும். பள்ளத்தில் குலுங்குவதையும் திடீர் பிரேக்கையும் நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி போவதும் அப்படித்தான். ஓட்டம், ஜிம் எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு.

சீக்கிரம் அடுப்படிக்குத் திரும்பினால் என்ன ஆகும்? நேர்த் தழும்பும் அடித் தழும்பும் சந்திக்கும் இடம்தான் இதில் பலவீனமான இடம். அங்கே தையல் விட்டுப் புண் திறந்துகொள்ளும். பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறும், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். கூடமாட உதவ ஆள் கிடைக்கும் மாதமாகப் பார்த்து ஆபரேஷன் தேதியை வையுங்கள். அம்மா வீட்டுக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்: ஒரு பக்க மார்பு மட்டும் திடீரென்று வீங்கி இறுகுவது, காம்பு கருத்துப்போவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், திடீர் மூச்சுத் திணறல். கடைசி இரண்டில் எது வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பத்தியம் இருக்க வேண்டுமா? கத்தரிக்காய், முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்கிறார்கள்.

பிடிக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர், எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ அதை நன்றாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், கீரையும் பழமும் சேருங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பொருளை மட்டும் தவிர்த்தால் போதும். புண்ணின் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் கூடாது. சிகரெட், பீடி, புகையிலை, ஹான்ஸ் எல்லாவற்றையும் ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். நிகோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, காம்பே கருகிப்போகும் அபாயம் உண்டு. ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, சித்த மருந்து என்று எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். ஒரு இடத்தில் கட்டியாகத் தட்டுகிறது. புற்றுநோயோ என்று தூக்கம் வரவில்லை.

ரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பு இறுகிக் கட்டியாவது இந்தக் கட்டத்தில் சகஜம். ஆனாலும் யூகத்தில் விடக் கூடாது. டாக்டரிடம் காட்டி அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள், தேவையென்றால் ஊசி வைத்துப் பார்ப்பார்கள். எடுத்த திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 40 வயதுக்கு மேல் என்றாலோ, அம்மா, அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ, ஆபரேஷனுக்கு முன்பே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பது அவசியம். பிறகும் வழக்கமான பரிசோதனை தொடர வேண்டும்.

செலவு அதிகம் என்கிறார்கள். இன்சூரன்ஸ் கிடைக்குமா? அரசு மருத்துவமனையில் செய்வார்களா?

அழகு சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஆனால் மருத்துவ ரீதியாகத் தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று கொடுத்தால், கேட்டுப் பார்க்க பாலிசி விதியில் இடம் உண்டு. வலிக்குப் பார்த்த சீட்டு, பிசியோதெரபி பில், தோல் புண்ணுக்கான மருந்துச் சீட்டு, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து, ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். முதல் முறை மறுத்தால் விட்டுவிடாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள்.

பிளாஸ்டிக் சர்ஜரி துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் போய்க் கேளுங்கள். சென்னை ஸ்டான்லியில் 2018-இல் மார்பக சிகிச்சைக்கென்று இலவசப் பிரிவு தொடங்கியபோது, ஏழைகளுக்கு எதற்கு இதெல்லாம் என்று சிலர் கேட்டார்கள். பணம் உள்ளவருக்கு மட்டும்தான் முதுகு வலிக்குமா என்ன?

தனியாரில் செய்தால், டாக்டர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். போர்டில் 'காஸ்மெட்டிக்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

என் தம்பிக்கு 19 வயது. ஆண்தான், ஆனால் மார்பு பெண்ணைப் போல இருக்கிறது. சட்டையைக் கழற்றவே மாட்டான்.

இது பையன்களுக்குப் பரவலாக வருவதுதான். பருவ வயதில் வந்தால் பெரும்பாலும் இரண்டு வருடத்தில் தானாகவே வற்றிவிடும். அதற்கு மேலும் நின்றால் ஹார்மோன் பரிசோதனை செய்து, விதைப்பையையும் டாக்டர் பார்க்க வேண்டும். ஜிம்மில் கொடுக்கும் ஊசி, பவுடர் ஏதாவது எடுக்கிறானா என்று அதட்டாமல் கேளுங்கள். காரணம் ஒன்றும் இல்லை என்றால் சின்னக் கீறலில், கொழுப்பை உறிஞ்சியும் சுரப்பித் திசுவை எடுத்தும் சரிசெய்யலாம். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்.